இருவாச்சி ஊட்டுவதைப் பார்க்கப் போனோம்

இந்த வால்பாறைப் பயணத்துக்குப் போயிருக்க வேண்டியவள் என் தோழி சுகந்தி. அவள் போகவில்லை, நான் போனேன். எம்.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பெஞ்ச். ஜவ்வாது மலைக்கு ஒரு நாள் போய் வந்துவிட்டு மழைக்காட்டைப் பற்றிப் பரீட்சை எழுதுவதெல்லாம் ஒரு படிப்பா என்று துறைத்தலைவர் குணசேகரன் சாரை இரண்டு வருடமாக நச்சரித்தவள் அவள்தான். சார் ஒருவழியாக எல்லா இடத்திலும் அனுமதி வாங்கி இந்த மார்ச்சில் நாள் குறித்தபோது, அவள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அம்மா வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள். ஐந்தாம் மாதம். இதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. அதனால் இந்த முறை பாத்ரூம் தவிர வேறெதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளைப் பார்க்கப் போனேன். தலையணைக்குப் பக்கத்தில் இருவாச்சிப் பறவை பற்றிய கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்து அடுக்கி வைத்திருந்தாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய இருவாச்சி மஞ்சள் அலகும் அதன் மேல் ஒரு கொண்டையுமாக, கழுகைவிடப் பெரிதாகத் தெரியும் பறவை. பெட்டை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டு வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் காடெல்லாம் சுற்றிப் பழம் பொறுக்கி வந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பதற்குச் சாப்பாடு கிடையாது.

“நானும் இப்ப அப்டிதான்டி கெடக்கறேன். எங்க வூட்டுக்காரரு பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி ஓசூர்லருந்து ஆப்பிள் வாங்கியாந்து ஊட்டிட்டுப் போறாரு” என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். “அது வந்து ஊட்டறத நீ கண்ணால பாத்துட்டு வா. போட்டோ வாணாம், நெட்ல ஆயிரம் கெடக்குது. நீ பாத்தேன்னு சொன்னா இதுவும் நல்லபடியா நிக்கும்னு மனசுல வெச்சிருக்கேன். சிரிக்காத, இன்னா?”

நான் சிரிக்கவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் சகுனம் பார்க்கிறாளே என்று வேறு நாளாக இருந்தால் வாரியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி வாருவது? பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலிருந்து வேன் புறப்பட்டது. பதினெட்டு மாணவர்கள், குணசேகரன் சார், துணைக்கு ஒரு மேடம், டிரைவர் ஏழுமலை அண்ணன். செங்கம், அரூர், சேலம், அவிநாசி, பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குச் சுமார் நானூறு கிலோமீட்டர். அரூரில் இட்லி சாப்பிட்டோம், நன்றாக இருந்தது. அவிநாசி தாண்டிச் சாப்பிட்ட மதியச் சாப்பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே அந்த ஓட்டலுக்கு நான் செய்கிற உதவி. ஜன்னலோர இருக்கை எனக்கு. பக்கத்து இருக்கையில் சுகந்தி உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குப் பதிலாக என் பை உட்கார்ந்து வந்தது. வழியெல்லாம் எதைப் பார்த்தாலும் சொல்வதற்கு வலது பக்கம் திரும்பினேன், பைதான் இருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பின்னால் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேல் கோபமாகவும் வந்தது.

ஆழியாறு சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பைகளைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் இறங்கி அணையைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் சாலையோரப் பாறையில் வரையாடு நிற்கும். எங்களுக்கு நின்றது. ஏழுமலை அண்ணன் ஜவ்வாது மலையில் வண்டி ஓட்டிப் பழகியவர், ஆனாலும் இருபதாவது வளைவில், இந்த ரோட்டைப் போட்டவன் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று பல்லைக் கடித்தார். வாந்தி எடுத்தவர்கள் ஆறு பேர், நானும் அதில் சேர்த்தி. மாலை ஐந்தரைக்கு வால்பாறை போய்ச் சேர்ந்தோம். பனியன் போதும் என்று வந்த பையன்கள் எல்லாம் நடுங்கிப்போய் டீக்கடையை முற்றுகையிட்டார்கள்.

இரண்டாம் நாள் முழுக்க விவசாயம். காலையில் தேயிலைத் தோட்டம், பிறகு காப்பித் தோட்டம். தேயிலை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்குச் சலித்துவிட்டது. மலை முழுவதும் ஒரே செடி, ஒரே உயரம், ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை. காப்பி அப்படி இல்லை. பெரிய காட்டு மரங்களை அப்படியே நிழலுக்கு விட்டுவிட்டு, அடியில் காப்பியும் மரங்களின் மேல் மிளகுக் கொடியும் விட்டிருக்கிறார்கள். சில இடத்தில் ஏலக்காயும் உண்டு. மேலே சோலைமந்திக் கூட்டம் ஒன்று பலாப்பிஞ்சைக் கடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. முகத்தைச் சுற்றி வெள்ளை முடியோடு ஒரு ஆண் குரங்கு எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. மலை அணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவியது.

எங்கள் வீட்டில் மல்லாட்டையும் கொஞ்சம் நெல்லும் போடுகிறோம். கடலை என்றால்தான் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும். மதியம் சிக்னல் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் போட்டு இந்தக் காப்பித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் பாதியிலேயே நிறுத்தி, தண்ணீர் எங்கிருந்து பாய்ச்சுகிறார்கள் என்று கேட்டார். பெரும்பாலும் மழைதான் என்றேன். “கொடுத்து வெச்சவங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இந்த வருடம் எங்கள் கிணற்றில் தண்ணீர் ரொம்பக் கம்மி.

சாயங்காலம் தோட்டங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் ஒரு சோலைக்குள் எங்களைக் கூட்டிப் போனார் தர்மராஜ். பொள்ளாச்சிக்காரர், இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்து முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். எங்களுக்கு வழிகாட்டவும் ஒப்புக்கொண்டிருந்தார். காட்டுக்குள் கால் வைத்ததுமே வெளிச்சம் குறைந்துவிட்டது. கோடை மழை இரண்டு நாள் பெய்திருந்ததால் அட்டைகள் வேறு. கண்ணுக்குத் தெரிந்த மிருகம் எதுவுமில்லை, ஆனால் எல்லாப் பக்கமிருந்தும் ஏதோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மார்ச் மாதத்தில் எங்கள் அண்ணாமலை எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். புல் காய்ந்து, போன வாரம் பிடித்த தீயின் கறுப்போடு, பாறை கொதித்துக்கொண்டு இருக்கும். எத்தனையோ பேர் எத்தனையோ வருடமாக அங்கே கன்று நட்டுத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறார்கள். இந்த ஈரத்தில் ஒரு கைப்பிடியை ஊருக்குக் கொண்டுபோக முடியாதா என்று ஏங்கிக்கொண்டே நடந்தேன். இந்த நிழலை வாய் ஓயாமல் கேட்டவளுக்கு மட்டும் அது வாய்க்கவில்லையே என்றும் இருந்தது.

மூன்றாம் நாள்தான் கூடு. அனுமதி வாங்கிய ஒரு தோட்டத்தை ஒட்டிய சோலையில், ஒரு பெரிய மரத்தில் உயரத்தில் இருந்தது பொந்து. தள்ளி ஒரு இடத்தில் பச்சை வலைத்துணியால் மறைப்பு கட்டியிருந்தார் தர்மராஜ். ஆறு ஆறு பேராக மூன்று குழு, குழுவுக்கு ஒன்றரை மணி நேரம். பளிச்சென்ற உடை கூடாது, சென்ட் கூடாது, பேச்சு அறவே கூடாது. இதை எங்களுக்கு மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிக் காதைத் துளைத்தவர் குணசேகரன் சார். காட்டில் யாராவது தும்மினால் கூட முறைத்தார். முதல் குழுவில் நாங்கள் ஆறு பேரும் சாரும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. மரத்தடியில் துப்பிய கொட்டைகள் கிடந்தன, அவற்றில் சில முளைவிட்டிருந்தன. எனக்கு ஒரு கால் மரத்துப்போனது. திடீரென்று மேலே ஒரு சத்தம். களத்தில் யாரோ பெரிய முறத்தால் விசிறுகிற மாதிரி, ஆனால் ஆகாயத்திலிருந்து. அடுத்த நொடி, எதிர்க்கிளையில் அது வந்து உட்கார்ந்தது. தொண்டை பழத்தால் புடைத்திருந்தது. வெயில் பட்டு அந்த மஞ்சள் அலகு மின்னியது. நான் மூச்சு விடவில்லை. சுகந்தி, வந்துவிட்டதடி, வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் பக்கத்தில் சாரின் இரண்டு கைகளும் தலைக்கு மேல் போயின. “அண்ணாமலையாருக்கு!” என்றார், கணீரென்று.

“அரோகரா!” என்றோம் நாங்கள் ஆறு பேரும்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். தீபத்தன்று மலை உச்சியில் சுடர் தெரிந்த நொடியில் ஊரே இப்படித்தான் கத்தும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் யாராவது முதல் பாதியைச் சொன்னால் பத்துப் பேர் மறுபாதியைச் சொல்வார்கள். யோசித்துச் சொல்வது கிடையாது. பேச்சு வருகிற வயதில் எங்கள் வாயில் ஏறிவிடுகிற ஒன்று அது. சார் ஒரு பௌர்ணமியையும் விடாதவர். பெரிதாக ஒன்றைப் பார்த்ததும் அவருக்கு அதுதான் வந்தது, அவருக்கு வந்ததும் எங்களுக்கும் வந்துவிட்டது. இருவாச்சி எழும்பிப் பறந்தது. தொண்டையில் பழத்தோடேயே போய்விட்டது.

தர்மராஜ் எங்களைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சார் முகம் செத்துப்போனது. கையை இன்னும் முழுதாகக் கூட இறக்கவில்லை அவர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தர்மராஜ்தான் கடைசியில் மெதுவாகப் பேசினார். “ஆளு இருக்குதுன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சுங்க. நாம இங்க இருக்கற வரைக்கும் கிட்ட வராது. ஒரு மணி நேரமோ, மூணு மணி நேரமோ, சொல்ல முடியாதுங்க. குஞ்சு பொரிக்கிற சமயம் வேற.” போகச் சொல்லவில்லை. முடிவு உங்களுடையது என்கிற மாதிரி அத்தோடு நிறுத்திக்கொண்டார். சார் எங்களைப் பார்த்தார்.

எனக்கு எழுந்திருக்க மனமே இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. இன்னும் அரை மணி நேரம் எங்களுடையது. பிறகு இரண்டு குழுக்களுக்கு மூன்று மணி நேரம், கெஞ்சினால் அவர்களோடும் உட்கார்ந்துகொள்ளலாம். அதற்குள் ஒருமுறை வந்துவிடாதா? வெறுங்கையோடு போய்ச் சுகந்தி முகத்தில் எப்படி முழிப்பது? இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே பைனாகுலரை எடுத்து அந்தப் பொந்தைப் பார்த்தேன். கீறலில் அலகு நுனி வெளியே வந்திருந்தது. சத்தம் கேட்டு, சாப்பாடு வந்துவிட்டது என்று நீட்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. நான் பைனாகுலரைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். மற்றவர்களும் எழுந்தார்கள்.

சார் அடுத்த இரண்டு குழுக்களையும் ரத்து செய்துவிட்டார். தோட்டத்து ஷெட்டில் காத்திருந்த பன்னிரண்டு பேரும் எங்களைத் திட்டாத திட்டு இல்லை. மதியச் சாப்பாடு வரை எங்களோடு யாரும் பேசவில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மறைப்பிலிருந்து திரும்பி, காப்பிச் செடிகளுக்கு நடுவே வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தோம். தர்மராஜ் சட்டென்று நின்று கையை உயர்த்தினார். அதே முறம் விசிறும் சத்தம் எங்கள் தலைக்கு மேலே, மரங்களுக்கு மறுபுறம், நாங்கள் விட்டு வந்த திசைக்குப் போய்க்கொண்டிருந்தது. இலை மறைப்பில் இறகு கூடத் தெரியவில்லை. சத்தம் குறைந்து நின்றது. தர்மராஜ் ரொம்ப நேரம் காது கொடுத்துவிட்டு, “போயிருச்சுங்க” என்றார். யாரும் திரும்பி ஓடவில்லை, ஓடினால் என்ன ஆகும் என்று தெரியுமே.

ஊருக்குள் வந்து சிக்னல் கிடைத்ததும் போனில் சுகந்தியின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. வந்துச்சா. ஊட்டிச்சா. பாத்தியா. ஏன்டி பேச மாட்டேங்கற. என்ன எழுதுவதென்று தெரியாமல் போனை அணைத்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது சுகந்தி கேட்டு அனுப்பியதைச் சாரிடம் சொன்னேன். பாவம், அவர் ஏற்கனவே நொந்துபோயிருந்தார். பார்த்ததாகவே அவளிடம் சொல்லிவிடு அம்மா, பறவை திரும்பிப் போனது உண்மைதானே, ஊட்டாமல் எங்கே போயிருக்கும் என்றார். தோழிகளும் அதையேதான் சொன்னார்கள். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். திரும்பும் நாள் பௌர்ணமி என்பதைத் திட்டம் போட்ட யாரும் கவனிக்கவில்லை. திருவண்ணாமலைக்காரர்கள் செய்யக் கூடாத தப்பு இது. மாலை ஐந்தரைக்குச் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்கு முன்பே போலீஸார் எங்கள் வேனை நிறுத்திவிட்டார்கள். “இனிமே காலைலதான் வண்டி உள்ள போவும். எறங்கி நடந்துடுங்க” என்று ஏழுமலை அண்ணன் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார். கிரிவலக் கூட்டம் முழுவதும் எதிரே வர, நான் மட்டும் பையை அணைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஊருக்குள் நடந்தேன். வேங்கிக்கால் வரை நடை. பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது, முதலில் என்ன, பிறகு என்ன என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். அலகால் ஒவ்வொரு பழமாக எடுத்துக் கொடுக்கும் என்று அந்தக் கட்டுரைகளில் படித்தது எல்லாம் நினைவில் இருந்தது. தடங்கல் இல்லாமல் சொல்லிவிட முடியும்.

சுகந்தி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள், “பாத்தியா?” என்றாள்.

“பாக்கலடி” என்றேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சார் கையைத் தூக்கிய இடம் வந்தபோது அவளே முந்திக்கொண்டு முணுமுணுத்துவிட்டாள், “அரோகரா.” பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சமையலறையிலிருந்து அவள் அம்மா ஓடிவந்து என்னை முறைத்தார். அலகு வெளியே வந்து உள்ளே போனதைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் எழுந்து வந்ததையும் தலைக்கு மேல் சத்தம் போனதையும் சொல்லி முடித்தேன். மன்னிச்சுக்கோடி என்றேன். அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

“நீங்க எழுந்து வந்ததாலதான வந்துச்சு” என்றாள் கடைசியில். “யாரும் பாக்கலன்னாலும் அது வந்துச்சு இல்ல? அது போதும்டி எனக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த மார்ச்ல நானும் வரேன். கொழந்தைய வெச்சுக்கிட்டு அந்த வளைவெல்லாம் ஏற முடியுமான்னு யார்கிட்டயாவது கேட்டு வையி” என்றாள்.

இந்த ஐந்து மாதத்தில் அவள் வாயால் குழந்தை என்ற சொல்லை நான் கேட்டதில்லை. ‘இது’ என்றுதான் சொல்வாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆளுக்கு மூவாயிரத்து இருநூறு ஆனது, வேன், மூன்று இரவு தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து. கூடு பார்க்க மார்ச் நல்ல மாதம், ஆனால் அனுமதி இல்லாமல் எந்தச் சோலைக்குள்ளும் கால் வைக்காதீர்கள், அனுமதி கிடைக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. முழங்கால் வரை வரும் அட்டை உறை வாங்கிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் சுற்றுலா வண்டிகளை எத்தனை மணி வரை விடுவார்கள் என்று பொள்ளாச்சியிலேயே கேட்டுவிடுங்கள். திருவண்ணாமலையிலிருந்து போகிறவர்கள் காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். பறவை பயந்துவிட்டது என்று தெரிந்தால் நேரம் மிச்சமிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் வந்துவிடுங்கள்.

கடைசியாக எனக்கு ஒரு உதவி. ஏழெட்டு மாதக் கைக்குழந்தையோடு வால்பாறை போய் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த நாற்பது வளைவுகளையும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாமல் எப்படிக் கடந்தீர்கள், குளிருக்கு என்ன போட்டீர்கள், வெந்நீர் கிடைக்கிற மாதிரி எங்கே தங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவசரமில்லை, அடுத்த மார்ச்சுக்குத்தான்.